மல்லிகைப் பந்தலை ஏன் மொட்டை அடிச்சோம்?

 

போன வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்த நெறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டாங்க. "மடப்பள்ளிக்குப் பின்னால இருந்த மல்லிகைப் பந்தல் என்ன ஆச்சு? யாரு இப்படிப் பாழாக்கினது?" ஒரு அம்மா கொஞ்சம் கோபமாவே, "அம்மனுக்குப் போற பூவை வெட்டிப் போட எப்படிய்யா மனசு வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. நாங்க அப்போ கையெல்லாம் மண்ணோட நின்னுக்கிட்டிருந்தோம். சட்டுனு பதில் சொல்ல வரல. அப்புறம் வாட்ஸ்அப் குழுவுல நாலு வரி போட்டோம், அது இன்னும் குழப்பிடுச்சு. அதனால இங்க விவரமா எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான். ஒரு காப்பி கலக்கிக்கிட்டு உட்காருங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறோம். செடி சாகல. பூச்சி அரிக்கல. வெட்டினது நாங்கதான். வைகாசி பொறந்த முதல் சனிக்கிழமை காலையில, குருக்கள் ஐயாகிட்டச் சொல்லிட்டு, கற்பூரம் ஏத்திக் கும்பிட்டுத்தான் கத்தியை எடுத்தோம். இதுக்குக் கவாத்துன்னு பேரு.

மல்லிகை பழைய கிளையில பூக்காது. புதுசா விடுற தளிரோட நுனியிலதான் மொட்டு வைக்கும். வெட்டாம விட்டுட்டா கொடி நீளமாப் போயிக்கிட்டே இருக்கும், உள்ளுக்குள்ள காய்ஞ்ச குச்சியா அடைஞ்சுக்கும், காத்தும் வெளிச்சமும் போகாது. வெளியில பார்க்க பச்சைப்பசேல்னு இருக்கும். பூ மட்டும் ஒரு கைப்பிடி தேறாது. மாசி, பங்குனியில நம்ம பந்தல் அந்த நிலைமையிலதான் இருந்துச்சு. தினமும் காலையில கூடையோட போற அக்கா, "இலையைத்தான் கட்டி மாலை போடணும் போல"ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க. அதனால பழைய கொடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டி, மிச்சம் இருந்த இலையையும் உருவி விட்டோம். பார்க்க மொட்டைதான். ஒத்துக்கிறோம்.

"அது சரி, ஏன் இப்ப?"ன்னு கேப்பீங்க. இதுல நாங்க ஒரு தப்பு பண்ணியிருக்கோம், அதையும் மறைக்காம சொல்லிடுறோம். தமிழ்நாட்டுல மல்லிகையைக் கார்த்திகை மாசத்துல வெட்டுவாங்க. பனிக்காலத்துல செடி ஓய்வெடுத்து, பங்குனி சித்திரையில பூத்துக் கொட்டும். 2022 நவம்பர்ல நாங்க ஊர் வீடியோ ஒண்ணைப் பார்த்துட்டு, அதே மாதிரி ஓரத்துப் பாத்திச் செடிகளை வெட்டினோம். நமக்கு ஏது பனிக்காலம்? ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலேர்ந்து ஒன்றரை பாகை தூரத்துல இருக்கு. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. அந்தத் தடவை அந்த மழை சும்மா போகல. 2023 மார்ச்சுல சிகாமட், பத்து பகாட் எல்லாம் தண்ணிக்குள்ள கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம பாத்தியிலயும் தண்ணி தேங்கி, வெட்டின வாய் எல்லாம் கறுத்து, நாலு செடி அழுகிப்போச்சு. பஞ்சாங்கம் நம்ம கூட கப்பல்ல வந்துச்சு. மழை வரல. அது இந்த மண்ணோட மழை.

பந்தல் மல்லிகை மட்டும் அப்பத் தப்பிச்சது. அதைத் தொடவே தாத்தா விடல. தாத்தாவைப் பத்திப் பிறகு சொல்றோம்.

இப்ப கணக்கு இதுதான். ஆடி மாசத்துல அம்மனுக்குப் பூ வேணும். ஆடி பொறக்கிறது ஜூலை நடுவுல. வெட்டின செடி துளிர்த்து, தளிர் நீண்டு, மொட்டு வைக்க ஆறேழு வாரமாவது ஆகும். அப்ப வைகாசி தொடக்கத்துலயே கத்தி வெச்சாகணும். இன்னொண்ணு, ஏப்ரல், மே மாசங்கள்ல ரெண்டு பருவக்காத்துக்கும் நடுவுல நம்ம பக்கம் காலையில வெயில் கொளுத்தும், மூணு மணிக்கு மேல இடியோட மழை கொட்டும். துளிர் விட இதைவிட நல்ல நேரம் கிடையாது. மே கடைசிக்கு மேல தென்மேற்குக் காத்து, மழை கொஞ்சம் குறையும். சில வருஷம் புகைமூட்டமும் வந்துடும். அதுக்குள்ள வேர் பிடிக்க வேண்டியது பிடிச்சிடணும்.

அதனால இந்த ஒன்றரை மாசம் எங்களுக்குக் கை ஓயாத வேலை. பந்தல் மட்டும் இல்ல. சாயங்கால மழைத் தண்ணி ஓட, செம்மண்ணுல வாய்க்கா எடுக்கணும், இல்லன்னா அரளி அழுகிடும். தண்ணி தேங்கி நின்னா அதுக்கு ஆகாது. மேடு கட்டி வெச்சிருக்கோம். (பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றவங்க தயவுசெஞ்சு கவனிங்க: அரளியில பூ, இலை, வேர் எல்லாமே விஷம். வெட்டிப் போட்ட குச்சியைக்கூட நாங்க எரிக்கிறதில்ல, புகையும் ஆகாது.) செம்பருத்தியில மாவுப்பூச்சி ஏறியிருக்கு. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து, வெயில் இறங்கினதும் இலைக்கு அடிப்பக்கம் அடிக்கிறோம். துளசிக்குக் கதிர் கிள்ளணும். விட்டா விதை கட்டிட்டு, வேலை முடிஞ்சதுன்னு காய ஆரம்பிச்சிடும்.

வில்வத்துல ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. வில்வம் எலுமிச்சை இனம். அதனால எலுமிச்சையில முட்டை வைக்கிற பட்டாம்பூச்சி இதையும் விடாது. புழு முதல்ல பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா இருக்கும், வளர வளர பச்சையாயிடும். ரெண்டே நாள்ல ஒரு கிளையை மொட்டையாக்கிடும். எங்க குழுவுல கல்லூரியில படிக்கிற தங்கச்சி ஒண்ணு, புழுவைக் கொல்லக் கூடாதுன்னு அழுவாத குறை. பெரியவங்க, "சிவனுக்கு அர்ச்சனைக்கு என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. கடைசியில குருக்கள் ஐயாதான் தீர்த்து வெச்சார். "ரெண்டு மரம் இருக்குல்ல, வாசல் பக்கத்து மரம் சுவாமிக்கு, மூலையில இருக்கிறது அதுங்களுக்கு." இப்ப அந்தத் தங்கச்சி சனிக்கிழமை சனிக்கிழமை இந்த மரத்துலேர்ந்து புழுவை எடுத்து அந்த மரத்துல குடியேத்திக்கிட்டிருக்கு. பேர்கூட வெச்சிருக்குன்னு கேள்வி.

கொசு விஷயம் சிரிக்கிற விஷயம் இல்ல. குழுவுல ஒரு அக்கா தாதியா வேலை பார்க்கிறாங்க. டிங்கி வந்து படுத்தவங்களை வார்டுல பார்த்துட்டு நேரா இங்க வர்றவங்க. ஏடிஸ் கொசு முட்டையிலேர்ந்து பறக்கிறதுக்கு ஒரு வாரம் போதும். அதனாலதான் சனிக்கிழமை தவறாம வர்றோம், ஒரு வாரம் விட்டாலும் அது முந்திக்கும். பூத்தொட்டித் தட்டு, வெட்டின மூங்கில் குருத்து, தேங்காய் மூடி, தார்ப்பாயோட மடிப்பு, எல்லாத்தையும் பார்க்கிறோம். ஆனா அதிகமாத் தண்ணி நிக்கிற இடம் எது தெரியுமா? அரசமரத்தடியில ஏத்திட்டு அப்படியே விட்டுட்டுப் போற அகல் விளக்கு. 1975ஆம் வருஷத்துச் சட்டப்படி கொசுப்புழு இருந்தா கோயிலுக்கும் அபராதம் உண்டு. விளக்கு அணைஞ்சதும் கவிழ்த்து வெச்சிடுங்க, புண்ணியமாப் போகும்.

இது போக நிர்மால்யம். பழைய மாலைகளை மக்க வெச்சு உரமாக்குறோம். நாரும் வாழைநாரும் மக்கும். நைலான் நூலும் ஜிகினாவும் மக்காது. ஒவ்வொரு மாலையா உதிர்த்து எடுக்கிறதுக்குள்ள இடுப்பு ஒடியுது. அபிஷேகப் பால் மிச்சத்தைச் செடிக்கு ஊத்தினா நல்லதுன்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. வேண்டாம். புளிச்சு, எறும்பு மொய்ச்சு, வேர்தான் கெடுது.

சரி, தாத்தா.

நம்ம மலேசியத் தமிழனுக்குத் தோட்டம்னா பூந்தோட்டம் இல்ல, எஸ்டேட்டு. தாத்தா அந்தத் தோட்டத்துல பொறந்தவர். கூலாய் பக்கத்துல ஒரு பால்மரத் தோட்டம். பதினாலு வயசுல பால் உளியைப் பிடிச்சவர். விடிகாலை இருட்டுல, தலையில விளக்கைக் கட்டிக்கிட்டுப் போவாங்க, ஏன்னா குளுமையிலதான் பால் நல்லா இறங்கும். மரத்தைச் சுத்திச் சாய்வா, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையை மட்டும் சீவணும். உளி ஆழமா இறங்கி உள்கட்டையைத் தொட்டுடுச்சுன்னா அந்த இடம் முண்டு முண்டா வீங்கிடும், பிறகு அங்க பட்டை ஒழுங்கா வளராது, பாலும் கிடைக்காது. தண்டல் வந்து விரலால தடவிப் பார்த்துட்டு ஏசுவாராம். நாற்பது வருஷம் அந்த வேலை. அந்தக் கையைத்தான் நாங்க தோட்டத்துல பார்த்தோம். மல்லிகைக் கொடியை ஒரே இழுப்புல, கணுவுக்கு ஒரு விரல் மேல, சாய்வா வெட்டுவார். நாங்க வெட்டினா நார் உரிஞ்சு தொங்கும். அவர் வெட்டினது கண்ணாடி மாதிரி இருக்கும்.

மழை வந்தா மட்டும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடும். தோட்டத்துல மழைன்னா பால் வெட்டு கிடையாது, பால் வெட்டு இல்லன்னா சம்பளம் கிடையாது. காலையில மேகம் கறுத்தா லயத்துல எல்லாரும் வாசல்ல வந்து நின்னு வானத்தைப் பார்ப்பாங்களாம். "மழைக்குச் சந்தோஷப்படறதையே இந்தக் கோயில் தோட்டத்துலதான் கத்துக்கிட்டேன்"னு ஒரு தடவை சொன்னார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

பால்மரம் போய் செம்பனை வந்துச்சு. செம்பனையும் போய் இப்ப அந்த இடத்துல தாமான். லயத்தைக் காலி பண்ணினப்போ எல்லாரும் பாத்திரம் பண்டத்தை லோரியில ஏத்துனாங்க. பாட்டி மட்டும் வாசல்ல இருந்த மல்லிகையிலேர்ந்து மூணு பதியனை மைலோ டின்னுல வெச்சு மடியில வெச்சுக்கிட்டு வந்தாங்க. புதுசா வந்த வீடு மாடி வீடு, மண் கிடையாது. அதனால கோயில்ல கொண்டு வந்து நட்டாங்க. ரெண்டு பிழைக்கல. மூணாவதுதான் நம்ம பந்தல். நீங்க எல்லாரும் வெள்ளிக்கிழமை தலையில வெச்சுக்கிட்டுப் போன பூ, அந்த லயத்து வாசல் பூ.

பாட்டி நட்டாங்க, தாத்தா வளர்த்தார், வேற யாரையும் கிட்ட விடல. உண்மையைச் சொல்லணும்னா அவர்கூட வேலை செய்யறது கஷ்டம். கத்தரிக்கோலைக் கேட்டா முறைப்பார். திருமலை அனந்தாழ்வானோட கடப்பாரை கதை உங்களுக்குத் தெரியும். ராமானுஜர் சொல்படி மலைமேல பூந்தோட்டம் போட வந்தவர். ஏரி வெட்டுறப்போ கர்ப்பிணி மனைவிக்கு ஒரு சின்னப் பையன் மண் சுமந்து உதவி பண்ணினான். இது எங்க கைங்கரியம், வேற ஆள் கை படக் கூடாதுன்னு கோபத்துல கடப்பாரையை எறிஞ்சார். உள்ளே போய்ப் பார்த்தா பெருமாள் தாடையில ரத்தம். இன்னைக்கும் அங்க சுவாமி தாடையில பச்சைக் கற்பூரம் வைக்கிறாங்க, அந்தக் கடப்பாரையும் கோபுர வாசல்ல மாட்டியிருக்கு. (அம்மன் கோயில் பக்கத்துல பெருமாள் கதையான்னு கேக்காதீங்க. பூவுக்கு சைவம் வைணவம் கிடையாது.) இந்தக் கதையைத் தாத்தாகிட்டயே ஒரு தடவை ஜாடையாச் சொன்னோம். "கடப்பாரை எங்க வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டார்.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. கோயில் கதவு சாத்தியாச்சு. குருக்கள் ஐயா மட்டும் உள்ளே இருந்து நித்திய பூஜை பண்ணினார். கொஞ்ச நாள்ல இந்தியாவுலயும் ஊரடங்கு, விமானம் நின்னுச்சு, பூக்கடைக்கு வர்ற பூவும் நின்னுச்சு. அந்த நாட்கள்ல அம்மனுக்கு ஒரு நாள்கூடப் பூ இல்லாம இருந்ததில்ல. அவ்வளவும் இந்தத் தோட்டத்துப் பூ. மல்லிகை, நந்தியாவட்டை, செம்பருத்தி, சங்குப்பூ, இட்லிப்பூ. தாத்தா வீட்டுலேர்ந்து வீடியோ கால்ல குருக்கள் ஐயாவுக்குப் பாடம் எடுப்பார், "கேமராவை இந்தப் பக்கம் திருப்புங்க சாமி, ஆங், அந்தக் கிளையில பறிக்காதீங்க." பாட்டி பின்னாலேர்ந்து, "சாமியைப் போட்டு ஏன் விரட்டுறீங்க?"ன்னு கேக்குற சத்தமும் கேக்குமாம்.

அந்த மே மாசம் பாட்டி தவறிட்டாங்க. மாரடைப்பு. இறுதிச் சடங்குக்குக் கொஞ்சம் பேருக்குத்தான் அனுமதி. ஒரே மகன் சிங்கப்பூர்ல வேலை. நம்ம ஊர்ல எத்தனையோ பேர் மாதிரி நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள்ல கிளம்பி காஸ்வே தாண்டிப் போய் ராத்திரி வீடு திரும்புறவர். எல்லையை மூடறதுக்கு முதல் நாள், வேலை போயிடக் கூடாதேன்னு அந்தப் பக்கமே தங்கிட்டார். ரெண்டு வாரம்னு நினைச்சுத்தான் தங்கினார். அங்கேர்ந்து பார்த்தா இந்தக் கரையில விளக்கு எரியறது தெரியும். நடுவுல ஒரு கிலோமீட்டர் பாலம். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் கைப்பேசியில பார்த்தார். பிறகு வந்துபோக சில ஏற்பாடுகள் வந்துச்சு. தனிமைப்படுத்தல், செலவு, வேலை பயம்னு அவருக்கு எதுவும் அமையல.

தாத்தா தோட்டத்துக்கு வர்றதை நிறுத்திட்டார். கோயில் திறந்த பிறகும் வரல. 2021 முழுக்க தோட்டம் காடாக் கிடந்துச்சு. லாலாங் புல் இடுப்பு உயரம், ஒரு நாள் பாம்புச் சட்டை கிடைச்சது. அப்பத்தான் பேச்சு வந்துச்சு. சிமெண்டு போட்டு விட்டா எட்டுக் கார் நிறுத்தலாம்னு. அப்படிச் சொன்னவங்களை நாங்க குறை சொல்ல வரல. திருவிழா நாள்ல வயசானவங்க வெயில்ல தூரத்துலேர்ந்து நடந்து வர்றதை நாங்களும் பார்க்கிறோம். அளவு நாடா பிடிச்சுப் பார்த்தாச்சு, கொட்டேஷனும் வாங்கியாச்சு. ஒரு மாசம் அவகாசம் கொடுங்க, நாங்க சுத்தம் பண்ணிக் காட்டுறோம்னு ஏழு பேர் எழுந்து சொன்னோம். எங்கள்ல ஒருத்தருக்கும் மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. இதுதான் தோட்டக் குழு பொறந்த கதை.

உழவாரப் பணின்னு பேர் வெச்சுக்கிட்டோம். அப்பர் சுவாமிகள் கையில உழவாரத்தோட கோயில் கோயிலாப் போய்ப் புல் செதுக்கினார். திருப்புகலூர்ல செதுக்கும்போது பொன்னும் மணியும் கிடைச்சதாம், கல்லோட கல்லா எடுத்துக் குளத்துல எறிஞ்சுட்டு வேலையைத் தொடர்ந்தாராம். எங்களுக்குக் கிடைச்சது பதினோரு ஸ்பூன், இருபது சென் காசுகள், யாரோ ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டிருந்த கார் சாவி.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை முழுசாத் திறந்துச்சு. அடுத்த சனிக்கிழமை காலையில நாங்க போகறதுக்கு முன்னாடியே ஒரு ஆள் தோட்டத்துல இருந்தார். கோயிலுக்குள்ள போகல, சாமி கும்பிடல. நேரா பின்பக்கம் வந்து, பந்தலுக்குக் கீழே லாலாங் வேரைத் தோண்டிக்கிட்டிருந்தார். தாத்தாவோட மகன்னு எங்களுக்கு முகத்தைப் பார்த்தே தெரிஞ்சது. நாங்க ஒண்ணும் கேக்கல. என்ன கேக்குறது? லாலாங்கைப் புடுங்கினா வராது. வேர் மண்ணுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு துண்டு விட்டாலும் மறுபடி முளைக்கும். அதைத் தொடர்ந்து தோண்டிக்கிட்டே போகணும். மூணு சனிக்கிழமை அவர் அதை மட்டும்தான் பண்ணினார். மைலோ கலக்கிக் கொடுத்தா வாங்கிக் குடிப்பார். தாதி அக்கா மட்டும் அவருக்குப் பக்கத்துல உட்கார்ந்து களை எடுப்பாங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்த அலுப்புல அவங்களும் பேச மாட்டாங்க. ரெண்டு பேரும் அப்படியே ஒரு மணி நேரம் இருப்பாங்க. அந்த வருஷத்துல எங்க ஏழு பேருக்கும் வீட்டுல ஏதாவது ஒண்ணு நடந்திருந்துச்சு. இந்த வேலையில அதைச் சொல்லவும் தேவைப்படல, மறைக்கவும் தேவைப்படல. கை பாட்டுக்கு வேலை செஞ்சுச்சு.

நாலாவது சனிக்கிழமை அவர் தாத்தாவையும் கூட்டிட்டு வந்தார். தாத்தா பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து கொஞ்ச நேரம் பந்தலையே பார்த்தார். எங்களுக்கு உள்ளுக்குள்ள பதட்டம், என்ன சொல்வாரோன்னு. மகன் கொடியில கத்தியை வெச்சார். "டேய்! அப்படியாடா வெட்டுவாங்க? கணு எங்க இருக்குன்னு பாரு!" ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் சத்தமாப் பேசினது அதுதான்னு மகன் பிறகு சொன்னார். அந்த வைகாசியில பாட்டிக்குத் திதி வந்துச்சு. மகன் கையால கொடுத்த முதல் திதி. படத்துக்குப் போட்ட சரம் இந்தக் கொடியிலதான் பறிச்சோம். பூ பெருசா இல்ல, ஒரு முழம்தான் தேறுச்சு. தாத்தா பறிக்கச் சொன்ன கிளையில மட்டும்தான் பறிச்சோம்.

சிமெண்டுப் பேச்சு அதோட நின்னுச்சு. முன்னால இருந்த இடத்தைச் சரி பண்ணி நாலு கார் நிறுத்த வழி பண்ணினாங்க. தலைவர் இப்ப எங்களைவிட அதிகமா தோட்டத்துக்கு வந்து படம் எடுக்கிறார், அது வேற விஷயம்.

இந்த வருஷம் தாத்தாவுக்கு எண்பத்து மூணு. கை நடுங்குது. போன மாசம் ஒரு நாள் கவாத்துக் கத்தியை எடுத்துப் பார்த்தார், மடக்கினார், மகன் கையில கொடுத்தார். ஒண்ணும் சொல்லல. எங்கள்ல ரெண்டு பேர் தண்ணிக் குழாயைச் சரி பண்றேன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டோம். நீங்க வெள்ளிக்கிழமை பார்த்த மொட்டைப் பந்தல், மகன் தனியா வெட்டின முதல் பந்தல். மரத்துக்கு வலிக்காம வெட்டியிருக்கார். நார் உரியல. போய்க் கிட்டப் பாருங்க.

பயம் இல்லாம இல்ல. பாட்டி வெச்ச கொடி, வயசான வேர். ஒவ்வொரு வருஷமும் வெட்டின பிறகு இந்த ரெண்டு வாரம் எங்களுக்குச் சோறு இறங்காது. அந்த அம்மா கோபப்பட்டப்போ நாங்க பதில் சொல்லாம நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம். எங்களுக்கும் அதே பயம்தான் இருந்துச்சு.

நேத்துக் காலையில தாதி அக்கா படம் அனுப்பினாங்க. கிழக்குப் பக்கக் கொடியில, வெட்டு வாய்க்குக் கீழே ரெண்டாவது கணுவுல, அரிசி அளவுக்குப் பச்சை. தாத்தாவுக்குக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரு கணு அதிகமா விட்டிருக்கான்"னார். பிறகு படத்தை அவர் கைப்பேசிக்கும் அனுப்பச் சொன்னார்.

(தாத்தாவுக்கும் மகனுக்கும் இதைப் படிச்சுக் காட்டி, சரின்னு சொன்ன பிறகுதான் போடுறோம். வயசை மட்டும் போட வேண்டாம்னார். போட்டாச்சு.)

வர்ற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் செம்பருத்திக்கு மருந்து அடிச்சிட்டு, மல்லிகைக்கு ஆட்டு எருவும் மக்கின நிர்மால்யமும் போடறோம். வர்றவங்க தொப்பி, பழைய சட்டை, கையுறை கொண்டு வாங்க. மண்வெட்டி பிடிக்கத் தெரியலன்னாலும் பரவாயில்ல. பசியாற இட்லி இருக்கும். துளிர் வந்த பக்கம் மட்டும் யாரும் கை வைக்காதீங்க, தாத்தா அங்கதான் உட்கார்ந்திருப்பார்.